வைகை மணலில் மூன்று நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இயற்கையோடு இணைவோம்’ என்பது. அவ்வளவு பெரிய தலைப்பைத் தாங்குகிற தோள் எனக்கு இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் சுருக்கி, நம் ஊர் ஆற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் தண்ணீர் ஓடுகிற வைகையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வறண்டு கிடக்கிற வைகையைப் பற்றி.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வருகிற ஐப்பசியில் நம் மாணவர்கள் ஆற்று நடை ஒன்று ஏற்பாடு செய்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ‘பேரணையிலிருந்து கீழடி வரை மூன்று நாள் நடை, ஆற்றின் நடுவே மணல் திட்டில் இரண்டு இரவு கூடாரம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. முதல் பாதியைப் படித்ததும் மனம் குளிர்ந்தது. இரண்டாம் பாதியைப் படித்ததும், இன்று வேறு எதையும் பேசக்கூடாது, இதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். நடையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மணல் திட்டில் கூடாரம் போடுவதை முழு மனதோடு எதிர்க்கிறேன். ஏன் என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இதே வழியில் நாங்கள் நடந்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டு அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வாரம். பழைய மாணவர்கள் ஐந்து பேர், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர், அதில் இருவர் மாணவியர், ஆக மொத்தம் பதினோரு பேர். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று பலருக்கு நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லி மீட்டர் தர வேண்டும். அந்த ஆண்டு தந்தது சுமார் 168 மில்லி மீட்டர். நூறு வருடத்துக்கு மேலாக அப்படி ஒரு மோசமான பருவம் இல்லை என்றார்கள். மதுரைக்கு அதிக மழை தருகிற மாதம் அக்டோபர்தான். அந்த அக்டோபரில் நாங்கள் முதுகு வேர்க்க வேர்க்க ஆற்றுக்குள் நடந்தோம்.

பழந்தமிழர் ஆண்டை ஆறாகப் பிரித்து, ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். கார் முடிந்து முன்பனி தொடங்குமுன் வருகிற குளிர்ந்த பருவம். நக்கீரர் நெடுநல்வாடை பாடியது இந்தப் பருவத்தைத்தான். பாட்டுடைத் தலைவனும் நம்ம பாண்டியன் நெடுஞ்செழியன்தான். அந்தப் பாட்டைப் பாடமாகப் படித்துவிட்டு ஆற்றுக்குப் போனால், கூதிரும் இல்லை, குளிரும் இல்லை. பதினொரு மணிக்கு மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பரிபாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுபது பாட்டில் நமக்குக் கிடைத்தவை 22. அதில் எட்டு வைகையைப் பாடியவை. 1918இல் உ.வே.சா. அச்சிட்டுத் தந்திராவிட்டால் அதுவும் இல்லை. எட்டிலும் புதுவெள்ளம்தான், ஊரே திரண்டு ஓடுகிறது நீராட. ஒரு பாட்டிலாவது வறண்ட மணல் உண்டா என்று தேடினால், நமக்கு ஆறுதலாக ஒன்றும் அகப்படாது.

சரி, நடைக்கு வருகிறேன்.

நிலக்கோட்டை வழியாக அணைப்பட்டிக்கு வெள்ளனவே போய் இறங்கினோம். ஆற்றங்கரை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுப் பேரணையைப் பார்க்கப் போனோம். இந்த இடத்தை நீங்கள் பார்க்காமல் வைகையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. மதுரைக்காரர்கள் பாதிப் பேர் வைகை அணையைப் பார்த்திருப்பார்கள். பூங்காவில் படம் எடுத்திருப்பார்கள். பேரணையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். (மூன்று கைகள்.) அதுதான் சொன்னேன்.

எங்கள் கூட்டத்தில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருந்தார். மதகுப் பாலத்தின் மேல் நிற்க வைத்து அவர் விளக்கினார். பெரியாற்றில் பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைரவனாறு, சுருளியாறு என்று இறங்கி வைகையில் சேர்கிறது. 1959 ஜனவரியில் காமராசர் திறந்து வைத்த வைகை அணை அதைத் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றிலேயே ஓடி வந்து பேரணையில் தடுக்கப்பட்டு, இடது கைப்பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பிவிடுகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர்.

அப்போது எங்களோடு வந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அப்ப மதுரையில ஆறு காஞ்சு கிடக்கிறது மழை இல்லாததுனால மட்டும் இல்லையாண்ணே?”

“இல்லப்பா. மழை பேஞ்ச வருசத்துலயும் தண்ணி இங்கனயே திரும்பிப் போயிரும். நீ பாலத்துல நின்னு ‘ஆறு செத்துப் போச்சு’ன்னு சொல்றப்ப, அந்தத் தண்ணி கள்ளந்திரியில நெல்லுக்குப் பாஞ்சுக்கிட்டு இருக்கும்.”

என் மனத்தில் இருந்த வைகையை அந்த ஒரு பதில் புரட்டிப் போட்டது. ஆறு சாகவில்லை, அதன் தண்ணீருக்கு வேலை கொடுத்து வேறு வழியில் அனுப்பியிருக்கிறோம். மிச்சமிருப்பது தண்ணீருக்காக ஒதுக்கி வைத்த பாதை. நாங்கள் போன அன்று கால்வாயிலும் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். காய்ந்த சேற்றில் கொக்குக் கால் தடம் மட்டும் வரிசையாகப் போயிருந்தது.

பேரணைக்குக் கீழே இறங்கியதும் ஆறு நன்றாக விரிந்து கொடுத்தது. வடக்கே சிறுமலை நீலமாக நீண்டு கிடக்கும். இரண்டு கரையிலும் தென்னந்தோப்பு. நடுவில் மணல், நாணல், எருக்கு, அப்புறம் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பேச ஆரம்பித்துவிடும். விலை உயர்ந்த பூட்ஸ் போட்டு வந்தவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து மணலைக் கொட்டினார்கள். பட்டை வைத்த சாதாரண ரப்பர் செருப்புக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஆனால் கருவேல முள் ரப்பர் செருப்பை ஊசி மாதிரி துளைத்து மேலே வரும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கண்டுபிடிப்பது இந்தக் கல்லூரி இயற்பியல் துறையின் கடமை என்று நினைக்கிறேன்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். எலுமிச்சைச் சோறு, புளியோதரை, அவல், பொரிகடலை, கருப்பட்டி. இரண்டு தார்ப்பாய், ஆளுக்கொரு ஜமுக்காளம், டார்ச் லைட். ஒரு தம்பி மட்டும் புதிதாகக் கூடாரம் வாங்கி வந்திருந்தான். குளிர் நாட்டுக்குத் தைத்த கூடாரம் போலிருக்கிறது. உள்ளே போனவன் ஐந்து நிமிடத்தில் இட்லி மாதிரி வெந்து வெளியே வந்தான். பிறகு அது மூன்று நாளும் சாப்பாட்டு மூட்டை வைக்கப் பயன்பட்டது, நாய்க்குப் பயந்து.

முள்ளிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வேடிக்கை. பதினோரு பேர் தொப்பி, பை, கையில் வரைபடம் என்று ஆற்றுக்குள் வருவதைப் பார்த்து, கரையில் ஆடு மேய்த்த இரண்டு பெண்கள் ஊருக்குள் ஆள் அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் வேகமாக வந்து வழி மறித்தார்கள். “மணல் குவாரிக்கு அளக்க வந்தீங்களா?” நாங்கள் கல்லூரிக்காரர்கள், சும்மா நடக்க வந்தோம் என்றால் நம்பவில்லை. “சும்மா எவன்யா வெயில்ல ஆத்துக்குள்ள நடப்பான்?” கேள்வி நியாயமானதுதானே! கடைசியில் மாணவியரில் ஒருவரின் ஊர் பக்கத்துக் கிராமம் என்று தெரிந்து, தாத்தா பேரைச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. மாறியதும் மோர் வந்தது. சண்டைக்கு வந்தவர் வீட்டிலிருந்தே வந்தது.

அந்தப் பெரியவர்தான் எங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய், மண்வெட்டியால் தோண்டிக் காட்டினார். சிறுவயதில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்குமாம். பெண்கள் சிரட்டையால் முகந்து குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்களாம். நாங்கள் பார்த்தபோது இடுப்பளவு தோண்டியும் ஈர மணல்தான் வந்தது. அதற்குக் கீழே கொழகொழவென்று களிமண். “மேல இருந்த மணலு லாரியில போயிருச்சு தம்பி. களிமண்ணுல எங்கிட்டு ஊறும்?” என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மணல் என்பது கட்டடத்துக்கு மட்டும் வேண்டிய பொருள் என்று நாம் நினைத்துவிட்டோம். ஆற்று மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. வெள்ளம் போகிறபோது அந்த இடைவெளி எல்லாம் தண்ணீராகிறது. மேலே ஒன்றிரண்டு அடி காய்ந்தபின், அதற்குக் கீழே உள்ளதை வெயில் தொட முடியாது. அதாவது மூடி போட்ட தொட்டி. 2017 ஏப்ரலில், எங்கள் நடைக்கு ஆறு மாதம் கழித்து, வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்ட கதை உங்களுக்கெல்லாம் தெரியும். (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த வேலையை ஆற்று மணல் காசு வாங்காமல் காலங்காலமாகச் செய்து வந்தது. அந்த மூடியை எடுத்து விற்றுவிட்டுத்தான் அட்டை தேடினோம். மதுரை மாநகராட்சிக்கே கோச்சடை, மேலக்கால், மணலூர் என்று ஆற்றுப் படுகைக் கிணறுகள் குடிதண்ணீர் தந்திருக்கின்றன. ஆற்றுக்கு மேலே ஒரு சொட்டு ஓடாத நாளிலும் அவை ஊறியது மணலால்தான்.

அன்று மாலை சோழவந்தானைக் கடந்தோம். கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி நிழலில் கொடி ஏறியிருக்கும். உள்ளே நுழைந்தால் குளிர்பதன அறை தோற்றுவிடும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கொடிக்காலில் ஒருவர் குடத்தால் ஒவ்வொரு கொடிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காட்சிதான். கிணறு இறங்கிவிட்டது, மோட்டார் இழுக்கவில்லை என்றார்.

திருவேடகத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. சம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரையேறிய இடம் என்று தலபுராணம். அந்த ஊருக்குக் கீழே நல்ல சுத்தமான மணல் திட்டு ஒன்று. பார்த்தவுடன் எல்லோருக்கும் அங்கேயே படுத்துவிட ஆசை. கல் இல்லை, முள் இல்லை, மெத்தை மாதிரி இருந்தது. தேய்பிறை; நடுராத்திரிக்கு மேல்தான் நிலா. வானம் முழுக்க நட்சத்திரம். தம்பிமார்கள் ஜமுக்காளத்தை விரித்தே விட்டார்கள்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு குரல். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டுக்கிடையோடு வந்திருந்த கீதாரி ஒருவர். மழை இல்லாததால் மேய்ச்சல் தேடி ஆற்றோரமாகவே மேற்கே வந்திருக்கிறார். நானூறு ஐந்நூறு ஆடு இருக்கும், கரைக்கு மேலே ஒரு தோப்பை ஒட்டிக் கிடை போட்டிருந்தார்.

“எங்க தம்பி படுக்கப் போறீக?”

“இங்கதான்யா, மணல்ல.”

“ஆத்துக்குள்ளயா? ஏறி வாங்க மேல. நான் ஆட்டையே ஆத்துக்குள்ள கிடை போட மாட்டேன்.”

“ஆத்துலதான் தண்ணியே இல்லையேய்யா?”

“தண்ணி ஓடுற ஆத்துல எவன் தம்பி படுப்பான்? தண்ணி இல்லாத ஆத்துலதானே படுப்பான்!”

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். தோப்புக்காரரிடம் கீதாரியே பேசி இடம் வாங்கித் தந்தார். எங்கள் புளியோதரையை அவர் சாப்பிட்டார். அவருடைய கம்பங்கூழை நாங்கள் குடித்தோம். யார் லாபமடைந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ஆடு இருமுகிற சத்தமும் ஆள்காட்டிக் குருவி கத்துகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மணலிலேயே படுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வந்திருந்தால் இந்தக் கதைக்குச் சுவை கூடியிருக்கும், வரவில்லை. காலையில் மணல் திட்டு போட்டது போட்டபடியே கிடந்தது. ஒரு தம்பி, “பாத்தீங்களாண்ணே, வீணா கரையேறினோம்” என்று சொல்லவும் செய்தான். அவனுக்குப் பொதுப்பணித் துறை நண்பர் சொன்ன விளக்கத்தைத்தான் இப்போது கூடாரம் போடப் போகிற உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

முதல் விஷயம், வைகை அணையின் உயரக் கணக்கு 71 அடி. நீர்மட்டம் 66 அடி தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகு அணைக்கு வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுவார்கள். இது மதுரையில் மழை பெய்கிறதா இல்லையா என்று பார்த்து நடப்பதல்ல. வருசநாட்டிலும் தேக்கடியிலும் கொட்டினால் போதும். உங்கள் தலைக்கு மேலே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்.

அடுத்து, அணை நிறையாவிட்டாலும் தண்ணீர் வரும். கால்வாயில் போவது பெரியாறு பாசனம். ஆற்றிலேயே போக வேண்டிய பழைய பாத்தியதை ஒன்று உண்டு. வைகை பூர்வீகப் பாசனம் என்று பெயர். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்று மாவட்டத்திலுமாக 1,36,109 ஏக்கர். விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை, அதற்கப்பால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை கண்மாய் கண்மாயாக நிரம்ப வேண்டும். அதற்காக அரசாணை போட்டு, பெரும்பாலும் உங்கள் நடைக்காலத்தை ஒட்டித்தான், ஐப்பசி கார்த்திகை மார்கழியில் ஆற்றில் திறந்துவிடுவார்கள். முதல் நாள் ஈரமே இல்லாத மணலில் மறுநாள் இடுப்பளவு ஓடும். பத்திரிகையில் அறிவிப்பு வரும், தண்டோராவும் போடுவார்கள். மணல் திட்டில் படுத்திருப்பவன் காதில் அது விழுமா?

இன்னும் ஒன்று உண்டு, இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. அணைக்குக் கீழே மஞ்சளாறும் மருதாநதியும் வந்து சேர்கின்றன. இரண்டும் கொடைக்கானல் மலைச்சரிவில் இறங்குபவை. அங்கே ஒரு சாயங்கால மழை கொட்டினால் வைகை அணைக்கு அதில் பேச்சே இல்லை. எச்சரிக்கை எண்ணெல்லாம் அணையைத்தான் காக்கும். இந்தச் சிற்றாறுகள் கொண்டுவருவது நேரே உங்களிடம் வரும்.

2016இல் தப்பாத கணக்கு வேறு வருடத்தில் தப்பும். 2021 நவம்பரில் இதே ஆறு கரை தட்டி ஓடியது. மதுரையில் தரைப்பாலங்களை மூடினார்கள். நாங்கள் ஆசையோடு பார்த்த அந்தத் திருவேடகத்து மணல் திட்டைப் பார்க்க ஒரு நாள் போனேன். திட்டு இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. தென்னை மட்டைகளும் ஒரு வைக்கோல் போரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. கீதாரியை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நடையை அதிகம் விவரிக்கப் போவதில்லை. தேனூர் வந்தது. அழகர் முன்பு ஆற்றில் இறங்கியது இந்தத் தேனூரில்தான், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தேனூர்க்காரர்களிடம் இது பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். நேற்று நடந்த மாதிரி வருத்தப்படுவார்கள். பிறகு தெற்கே நாகமலை கூடவே வந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு புங்கமரத்தடியில் தூங்கினோம். கோச்சடையில் மாணவர் ஒருவரின் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் இரவு. அந்தச் சித்தி எங்கள் பதினோரு பேருக்கும் வார்த்த தோசைக் கணக்கை நான் இந்த மேடையில் சொன்னால் நம் கல்லூரியின் மானம் போகும்.

மூன்றாம் நாள் காலை நகரத்துக்குள் நுழைந்தோம். நடையில் கஷ்டமான பகுதி இதுதான். வெயிலாலோ மணலாலோ அல்ல. அரசரடி, ஆரப்பாளையம் தாண்டியதும் மணல் கறுப்பாகிறது. வறண்ட ஆறு என்று சொன்னேனே, நகரத்துக்குள் வறட்சியே கிடையாது. பந்தல்குடி வாய்க்கால் முதலாக இரண்டு கரையிலிருந்தும் சாக்கடை வந்து விழுகிறது. அதில் ஆகாயத்தாமரை பச்சைப் பசேலென்று. மாணவியர் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். புட்டுத்தோப்பு பக்கத்தில்தான். வந்திக் கிழவியின் பங்குக்குச் சிவபெருமான் மண் சுமந்து பிரம்படி பட்ட கதை நடந்ததாகச் சொல்லப்படும் கரை. எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஊரின் மிகப் பெரிய கதையே வைகை கரையை உடைத்த கதைதான். ஆவணியில் வருடா வருடம் திருவிழா எடுத்துக் கொண்டாடுகிறோம். கொண்டாடிவிட்டு மறுநாளே ஆற்றுக்குள் லாரியை நிறுத்துகிறோம்.

1889இல் கட்டி முடித்த ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே பஸ்ஸில் போகிறவர்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். பாலத்துக்கு அடியில் எருமைகள் படுத்திருந்தன. பக்கத்தில் துணி காய்ந்தது. அந்தக் காலத்தில் பாலம் கட்டியவர்கள் ஆற்றின் அகலத்தை எவ்வளவு என்று கணக்குப் பண்ணினார்கள் என்பதைப் பாலத்தின் நீளமே சொல்லும். எங்கள் நடைக்குப் பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி ரோடு போட்டார்கள். போக்குவரத்துக்கு வசதிதான், நானும் அதில்தான் இன்று வந்தேன். ஆனால் அகலத்தைச் சுருக்கினால் வெள்ளம் உயரத்தில் ஏறிக்கொள்ளும். பொறியியல் படிக்காத எனக்கே தெரிகிற கணக்கு இது.

விரகனூர் தாண்டி மறுபடி மணல் வெளுத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் யானைமலை உண்மையிலேயே யானை மாதிரி படுத்திருந்தது. சிலைமான் பக்கம் கரையேறி, மத்தியானத்துக்கு மேல் கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மத்திய தொல்லியல் துறையின் இரண்டாம் கட்ட அகழாய்வு முடிந்த சமயம். தென்னந்தோப்புக்குள் செங்கல் சுவர்கள், உறைகிணறு. கார்களில் வந்து கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். நாங்கள் மட்டும்தான் கால்நடையாக, முள் குத்திய காலோடு.

அந்தக் கீழடியே ஒரு ஆற்று நடையால் கிடைத்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-14இல் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் தொல்லியல் துறையினர், தேனி மாவட்டத்திலிருந்து ராமநாதபுரம் மாவட்டம் வரை வைகையின் இரு கரையிலும் எட்டெட்டு கிலோ மீட்டர் தூரத்துக்குக் கள ஆய்வு செய்தார்கள். 293 இடங்களில் பழைய தடயங்களைக் கண்டார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. பின்னர் 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. எனக்கு அந்தத் திடலில் பட்டது இதுதான்: இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் இங்கே வீடு கட்டியவன் ஆற்றை நம்பித்தான் வந்தான். ஆனால் வீட்டை ஆற்றுக்குள் கட்டவில்லை. வெள்ளம் தொடாத மேட்டில் கட்டினான். குடிக்க உறைகிணறு இறக்கினான். கீதாரி கிடை போட்ட கணக்கும் இதே கணக்குத்தான்.

சரி, நேரமாகிவிட்டது, செயலாளர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். உங்கள் நடைக்கு நான் கேட்பது நாலே நாலு.

கூடாரம் கரைக்கு மேலே, தோப்பில். அணைப்பட்டியிலிருந்து கோச்சடை வரை தோப்புக்காரர்கள் இருவரிடம் நான் பேசிவிட்டேன். சந்தோஷமாக வரச் சொல்கிறார்கள், மட்டையை மட்டும் எரிக்கக்கூடாதாம். அடுத்து, புறப்படுகிற அன்று காலை அணை மட்டத்தைப் பாருங்கள். தினமும் பத்திரிகையில் வருகிறது. 66 அடி என்றால் நடை ரத்து. முன்பணம் கட்டியாச்சு, பஸ் பேசியாச்சு என்ற பேச்சே கூடாது. பூர்வீகப் பாசனத்துக்குத் திறப்பதாக அறிவிப்பு வந்திருந்தாலும் ரத்து. அல்லது கரையோர வண்டிப்பாதையில் நடந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் பக்கம் சாயங்காலம் மின்னல் தெரிந்தால் நடந்துகொண்டிருக்கிற இடத்திலேயே கரையேறுங்கள். கடைசியாக ஒரு வேலை. முள்ளிப்பள்ளம், திருவேடகம், தேனூர், மணலூர் நாலு இடத்தில் ஊர்க்காரர் அனுமதியோடு மணலைத் தோண்டி, எத்தனை அடியில் ஈரம், எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை அடியில் களிமண் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 2016இல் நாங்கள் எழுதியது என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. புவியியல் துறை அதை வாங்கி வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு நடக்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

பழைய மாணவர்களில் வர விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வராந்தாவில் பெயர் கொடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் நாள் தேனூரில் வந்து சேர்ந்துகொள்ளலாம், தடையில்லை. ரப்பர் செருப்பா பூட்ஸா என்ற கேள்வியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.